ஏலச் செடியின் வயதும் ரகமும், பூச்சிகளின் போக்கும்

நெற்பயிரைத் தாக்கும் குருத்துப்பூச்சியின் குணத்தை நஞ்சை விவசாயிகள் அனைவரும் அறிவர். பயிர் தூர் கட்டும் பருவத்தில் அதன் புழு தண்டிற்குள் புகுந்தால் நடுக்குருத்து காய்கிறது. கதிர் வெளிவரும் பருவத்தில் புகுந்தால் கதிர் வெளுத்துச் சாவியாகிறது. ஆனைக்கொம்பன் என்னும் பூச்சியோ, பயிர் தூர் கட்டும் வரையில்தான் உபத்திரவம் செய்யும். கதிர் உருவாகத் தொடங்கிய தண்டை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே பயிரின் வயது இன்னதென்று கேளாமல் நெல்லுக்கு யோசனை சொல்பவரை எந்தக் குடியானவரும் மதிப்பதில்லை. ஆனால் கம்பம் பள்ளத்தாக்கில் நஞ்சையும் மலைமேல் ஏலத்தோட்டமும் ஒருங்கே உடையவர்கள்கூட, மெட்டு ஏறியவுடன் இந்த அறிவைக் கீழேயே விட்டுச் செல்வதுதான் வியப்பாக இருக்கிறது. ஏலத்தில் "பூச்சி" என்றால் எல்லாத் தூருக்கும் ஒரே நாளில் ஒரே மருந்து என்பது வழக்கமாகிவிட்டது.

போடிநாயக்கனூருக்கு மேற்கே குரங்கணி, போடிமெட்டுச் சரிவுகளிலும், மெட்டைத் தாண்டிக் கேரளத்தைச் சேர்ந்த உடும்பன்சோலைப் பகுதியிலும் ஏலம் பயிரிடுவோரில் பலர் போடியிலும் அதனை அடுத்த ஊர்களிலும் வசிப்பவர்கள். அவர்களுடைய காய், போடியிலும் புற்றடியிலும் நடைபெறும் ஸ்பைசஸ் போர்டு ஏலத்தில் விலை போகிறது. அங்கே காயின் பருமனையும் பச்சை நிறத்தையும் தோலின் வழவழப்பையும் பார்த்தே விலை கூறப்படுகிறது. தோலில் சொறி விழுந்த காய் உள்ளே நல்ல அரிசி உடையதாயினும் தாழ்ந்த விலைக்கே கேட்கப்படும். ஆகையால் பூச்சியினால் நேரும் நஷ்டம் மகசூல் குறைவு மட்டுமல்ல.

ஒருவருக்கு மூன்று துண்டுத் தோட்டங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மேட்டிலே நட்டு ஒரு வருஷமான இளங்கன்றுத் தோட்டம். அதற்குக் கீழே எட்டு வருஷமான வழுக்கா ரகத் தோட்டம். சரிவின் அடியில், மழை குறைந்த பாகத்தில், பாட்டனார் காலத்து மலபார் ரகம் கொஞ்சம். சித்திரை மாதத்தில் கங்காணி மூன்றிலும் மருந்து தெளிக்கிறார். இளங்கன்றில் அவ்வேளையில் குருத்தைத் துளைத்துக்கொண்டிருக்கும் புழு தண்டிற்குள் பத்திரமாக இருப்பதால் மருந்து அதனைத் தொடுவதில்லை. வழுக்காவில் பேன்கள் காய்ந்த மட்டைகளின் இடுக்கில் ஒளிந்திருப்பதால் பாதிக்கு மேல் தப்பிவிடுகின்றன. மலபாரில் மருந்து தெளிக்கும் அளவுக்குப் பேனே இருந்திராது. மூன்று இடத்திலும் பணம் செலவாயிற்று. மூன்று இடத்திலும் பலன் சொற்பம். கங்காணியின்மீது குறை சொல்லி என்ன பயன்? எந்தத் தோட்டத்தில் எதைத் தேட வேண்டுமென்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

ஏலப்பேன் ஓர் அங்குலத்தில் சுமார் இருபதில் ஒரு பங்கு நீளமும், சாம்பல் கலந்த பழுப்பு நிறமும், ஓரத்தில் மயிர்த்தொங்கல் வைத்த சிறகுகளும் உடையது. சரம் ஒன்றை வெள்ளைத் தாளின்மேல் தட்டினால் ஊர்ந்து ஓடுவதைக் காணலாம். சென்னை இராஜதானியின் அரசாங்கப் பூச்சி நிபுணராகக் கோயம்புத்தூரில் இருந்த டி. வி. இராமகிருஷ்ண ஐயர் 1935-ஆம் வருஷத்தில் இதனைத் தனி இனமாக வருணித்துப் பெயரிட்டார். விரியாத குருத்திலைச் சுருளிலும், தண்டை அணைத்திருக்கும் இலைமட்டையின் உட்புறத்திலும், பூவின் செதில்களுக்குள்ளும், பூக்குழாயிலும் இது பெருகும். முட்டையிலிருந்து வளர்ந்த பூச்சியாவதற்குச் சுமார் ஒரு மாதமே பிடிப்பதால், கோடையில் தொகை வெகு சீக்கிரம் ஏறிவிடும். மாசி முதல் வைகாசி வரை மிகுந்திருந்து, தென்மேற்குப் பருவமழை பலத்தபின் தணியும்.

இந்தப் பூச்சிக்கு வேண்டுவது நெருக்கமான இடுக்கு. ரகத்துக்கு ரகம் உபத்திரவம் வேறுபடுவதற்குக் காரணம் இதில் அடங்கியிருக்கிறது. மைசூர் ரகம் பத்தடிக்கு மேலும் வளர்ந்து, சரங்களை நிமிர்த்தி விடுவது. 3,000 முதல் 4,000 அடி உயரத்தில், மழை பரவலாகப் பெய்யும் இடத்தில் செழிப்பது. அதன் இலைமட்டை காய்ந்த பின்னரும் தண்டை விடாமல் பற்றிக்கொண்டிருக்கும். மலபார் ரகம் குட்டையானது. சரங்கள் தரையில் படர்ந்து செல்லும். 2,000 அடிக்கும் வரும். மழைக் குறைவையும் ஓரளவு தாங்கும். அதன் மட்டை அவ்வளவு காலம் ஒட்டியிருப்பதில்லையாதலால், பேனுக்கு ஒளியிடம் குறைவு. ஆகவே சேதமும் ஒப்பிடுகையில் குறைவு. வழுக்கா இவ்விரண்டும் இயற்கையில் கலந்து உண்டானது என்பர். சரம் பாதி நிமிர்ந்து பின் தொங்கும். மட்டை விஷயத்தில் மைசூரைப் போன்றதே. எனவே மைசூர், வழுக்கா தோட்டங்களில் பேன் மிகுதியாக இருப்பதைக் கண்டு, பக்கத்து மலபார் தோட்டக்காரர் இரகசியமாக ஏதோ மருந்து வைத்திருக்கிறார் என்று ஐயுற வேண்டியதில்லை.

இதனால் எல்லோரும் மலபாருக்குத் திரும்பிவிட வேண்டுமென்பது கருத்தன்று. பருமனான காயும் மிகுந்த மகசூலும் தரும் ரகங்களை விட்டுவிடும்படி எந்தத் தோட்டக்காரரிடமும் சொல்ல முடியாது. தரையில் படரும் சரத்தின் காய்களை எலி தின்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆனால் மட்டையை விடாத ரகத்தைப் பயிரிடுகிறவர், மட்டையை உரிக்கும் வேலையையும் அதனுடன் சேர்த்தே ஏற்றுக்கொண்டவராகிறார். தை, மாசி மாதங்களில், சரம் நீண்டு பூக்கத் தொடங்குவதற்கு முன்பு, காய்ந்து தொங்கும் இலைகளையும், காய்ந்த மட்டைகளையும், பழைய சரங்களையும் நீக்கிக் கவாத்துச் செய்தல் வேண்டும். பச்சை மட்டையை உரிக்கலாகாது. கவாத்துச் செய்யாத தூரில் எவ்வளவு விலையுயர்ந்த மருந்தைத் தெளித்தாலும் அது சருகின்மேல் வடிந்து போகிறதேயன்றிப் பேன் இருக்குமிடம் சேர்வதில்லை. உரித்த சருகை எரிப்பது பழைய பழக்கம். 2018-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் குரங்கணி மலையில் மூண்ட காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர் பலர் மாண்டதை இவ்வட்டாரத்தார் மறந்திருக்க மாட்டார்கள். மாசி, பங்குனியில் புல் காய்ந்து நிற்கும் சரிவில் நெருப்பு வைப்பதை விட்டு, சருகைக் குழியிலிட்டு மண் மூடுவதே தகும்.

காயின் வயதும் கவனிக்கத்தக்கது. பூ மலர்ந்தது முதல் காய் முற்றுவதற்குச் சுமார் நான்கு மாதம் ஆகும். பேன் சுரண்டிச் சாறு உறிஞ்சுவது பூவையும், பூ வாடியபின் வரும் பிஞ்சையுமே. பூவில் சேதமானால் பூ உதிரும். பிஞ்சில் உண்டான கீறல் முதலில் கண்ணுக்கே புலப்படாது. காய் பருக்கும்போது அத்தழும்பும் கூடவே விரிந்து, பொருக்காகிச் சில சமயம் வெடிக்கவும் செய்யும். அத்தகைய காயில் அரிசியும் குறைந்து மணமும் குன்றும். விவசாயி பெரும்பாலும் இந்தப் பொருக்கைக் கண்ட பிறகே மருந்துக் கடைக்குப் போகிறார். அப்பொழுது அவர் பார்ப்பது பல வாரங்களுக்கு முன்பு பட்ட காயத்தை. அந்தக் காயை எந்த மருந்தும் பழையபடி வழவழப்பாக்காது. ஆகவே சொறியைப் பாராமல், சரத்தில் பூவும் பிஞ்சும் இருக்கும்போது தாளில் தட்டிப் பேனைப் பார்க்க வேண்டும். காய் பெரும்பாலும் முற்றிவிட்ட தோட்டத்தில் பேனுக்காக மருந்து அடிப்பது, அறுவடை வாசலில் காய்க்கு விஷம் ஏற்றுவதைத் தவிர வேறொன்றும் செய்யாது.

செடியின் வயதை ஒட்டித் தன் வேலையை மாற்றிக்கொள்வதில் முதன்மையானது துளைப்பான். ஏறத்தாழ ஓர் அங்குலம் சிறகு விரியும், மஞ்சள் நிறத்தில் கரும்புள்ளிகள் இட்ட அந்துப்பூச்சி இதன் தாய். நெடுங்காலம் இதனை ஆமணக்குக் காயைத் துளைக்கும் பூச்சியென்றே எண்ணி, தோட்டத்தருகில் ஆமணக்கு இருப்பதே தீங்கு என்று சொல்லி வந்தார்கள். பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பினும் இரண்டும் வேறு என்று ஆராய்ச்சியாளர் கண்டு, 2018-ஆம் வருஷத்தில் ஏலத்தைத் தாக்குவதற்கு ஸஹ்யாத்திரி மலையின் பெயராலேயே தனி இனப் பெயர் இட்டனர்.

இதன் இளம்புழு முதலில் விரியாத குருத்திலும், சரத்திலும், பிஞ்சுக் காயிலும் துளைக்கும். சற்று வளர்ந்தபின் தட்டையின் உட்பாகத்தைக் குடைந்து தின்னும். நட்டு ஓரிரண்டு வருஷமே ஆன கன்றில் சரமும் காயும் இல்லாததால், அங்கே வந்த புழுவுக்குத் தட்டையைத் தவிர வேறு உணவில்லை. கன்றுக்கு இருப்பதோ நான்கைந்து தட்டைகள். அவற்றில் இரண்டு போனால் கன்றே பாதி போயிற்று. காய்ப்பு ஒரு வருஷம் பின்தள்ளிப் போவதும் உண்டு. ஐம்பது தட்டைகள் உள்ள பெருந்தூரில் அதே இரண்டு தட்டை போனால் தோட்டக்காரர் கவனிப்பதுகூட இல்லை. அங்கே நஷ்டம் சரத்திலும் காயிலும் இருக்கிறது: சரம் துளைபட்ட இடத்திற்கு அப்பால் காய்ந்துவிடும், துளைபட்ட பிஞ்சின் உள்ளே அரிசி இராது. ஆக இளந்தோட்டத்தில் தட்டையையும், காய்க்கும் தோட்டத்தில் சரத்தையும் முதலில் பார்ப்பதே முறை. இரண்டிலும் அடையாளம் ஒன்றே. துளையின் வாயில் நார் நாராக, ஈரமாக, புழுவின் எச்சம் தள்ளப்பட்டிருக்கும்.

அந்துப்பூச்சி வருஷம் முழுவதும் காணப்படினும், புதிய சரம் தோன்றும் தை மாசியிலும், காய் பிடிக்கும் வைகாசியை ஒட்டியும், புதுத் தட்டைகள் கிளம்பும் புரட்டாசி ஐப்பசியிலும் மிகுதியாகும். தளிர் எப்பொழுதோ அப்பொழுது பூச்சி. அந்துகள் ஏல இலையின் அடிப்புறத்தில் அமர்ந்திருக்கக் கண்டால் வலையால் பிடித்து அழிக்கலாம். அவை வெளிப்பட்ட 15 முதல் 20 நாளுக்குள், புழு இன்னும் உள்ளே ஆழமாகப் போகாதிருக்கையில் கொடுக்கும் மருந்துதான் பயன்படும். புரட்டாசி ஐப்பசியில் எச்சம் தள்ளிய தட்டைகள் நூற்றுக்குப் பத்துக்குக் குறைவாக இருப்பின் மருந்தே வேண்டாம். அத்தட்டைகளை அடியோடு வெட்டிப் புழுவுடன் அழித்துவிட்டால் போதும். நூறு தட்டையை எண்ணுவதற்கு அரைமணி நேரம் ஆகும். அந்த அரைமணி நேரத்தைச் செலவிடாததனாலேயே பல ஏக்கருக்கு மருந்துச் செலவு ஏற்படுகிறது.

இளங்கன்றின் நடுக்குருத்து காய்வதெல்லாம் துளைப்பானால் என்று முடிவு கட்டுவதும் பிழை. குருத்து ஈ என்றொன்று உண்டு. அதன் புழு கன்றின் வளரும் குருத்தைத் தின்று அழுகச் செய்யும். பங்குனி சித்திரையில், நிழல் குறைந்து வெயில் படும் புதுத்தோட்டத்தில்தான் இது மிகுதி. நிழலுள்ள பெருந்தூர்த் தோட்டத்தில் இதனைத் தேட வேண்டியதில்லை. காய்ந்த குருத்தை இழுத்தால் அழுகிய அடியுடன் எளிதாகக் கையோடு வரும். தட்டையில் துளையும் நாரெச்சமும் இரா. இவ்விதம் கண்டால் காய்ந்த தட்டையை மண்மட்டத்தில் அறுத்து அழிப்பதுடன், நிழலைச் சரிசெய்வதே முதல் நிவாரணம். கன்று நடும் வருஷத்திலேயே நிழல் மரங்களைக் கண்டபடி கழிப்பவர்கள் இந்த ஈயைத் தாமே வரவழைக்கிறார்கள்.

வேர்ப்புழுவுக்கு ரகம் ஒரு பொருட்டன்று, வயதுதான் உண்டு. நீலமும் பச்சையும் மின்னும் சிறு வண்டுகள், கோடை மழை விழுந்ததும் பங்குனி சித்திரையிலும், மறுபடி ஆவணி புரட்டாசியிலும் வெளிவந்து, பலா, மா, கொய்யா, கல்யாண முருங்கை முதலிய மரங்களின் இலையைத் தின்னும். பின்பு தூரடியில் முட்டையிடும். வளைந்த வெள்ளைப் புழு மண்ணுக்குள் வேரைத் தின்ன, மேலே இலை மஞ்சளாகும். நாற்றங்காலிலும் இளங்கன்றிலும் வேர் கொஞ்சமாதலால் கன்று சாகும். பெருந்தூர் சாவதில்லை. மஞ்சளித்து நிற்கும், அதை உரக் குறைவென்று எண்ணி உரம் வைப்பவரே அநேகர். வேரில்லாத செடி எதைக் கொண்டு உரத்தை உண்ணும்? மஞ்சளித்த தூரின் அடிமண்ணை விரலால் கிளறிப் பார்த்தபின் உரத்தைப் பற்றி யோசிக்கலாம். வண்டுகள் மரங்களில் கூடும் நாட்களில் வலையால் பிடிப்பது கூலிக்கு மேற்பட்ட இலாபம் தரும்.

இனி, ஞள்ளானி ரகத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கட்டப்பனைப் பகுதியில் ஏலத் தோட்டக்காரர் ஒருவர் வழுக்கா வகையிலிருந்து பொறுக்கியெடுத்த இந்த ரகம் மெட்டின் இருபுறத்தையும் பிடித்துக்கொண்டது. பழைய தோட்டங்களில் சரமும் பூவும் காயும் ஒரு பருவத்தில் வந்து ஒரு பருவத்தில் ஓயும். ஓய்ந்த மாதங்களில் பேனுக்கும் துளைப்பானுக்கும் உணவு சுருங்கும். ஞள்ளானியோ, தண்ணீரும் உரமும் கிடைத்தால் வருஷத்தின் பெரும்பகுதி புதுச் சரம் விட்டுக்கொண்டேயிருக்கும். ஒரே தூரில் இளஞ்சரமும், பூவும், பிஞ்சும், முற்றிய காயும் ஒருங்கே காணப்படும். பூச்சிக்கு ஓய்வுகாலம் இல்லாமற் போயிற்று. ஆகவே தோட்டக்காரருக்கும் தெளிப்பானைக் கீழே வைக்கும் காலம் இல்லாமற் போயிற்று. மாதம் ஒரு முறையும், சில தோட்டங்களில் அதற்கு மேலும் மருந்து அடிக்கப்படுகிறது. முற்றிய காய் அதே தூரில் இருக்கையில் பிஞ்சுக்காக அடித்த மருந்து பறிப்புக் கூடைக்கே வந்து சேர்கிறது. சவுதி அரேபியா முதலிய நாடுகளில் மருந்தெச்சம் காரணமாக இந்திய ஏலக்காய் மறுக்கப்பட்டதற்கு இதுவே மூலம். இத்தகைய தோட்டத்தில் காயைப் பறித்து முடித்த கையோடு தெளித்து, அடுத்த பறிப்புக்குள் மருந்தின் காத்திருப்பு நாட்கள் கழியும்படி தேதி குறித்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

இன்னொரு நஷ்டம் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. ஏலப்பூ விடியற்காலத்தில் மலர்ந்து அன்றே வாடுவது. தேனீ வந்து போகாத பூ பெரும்பாலும் காயாகாமல் உதிரும். பூத்திருக்கும் தூரில் காலை வேளையில் மருந்து தெளிப்பவர், பேனால் இழக்கக்கூடிய காயைவிட மிகுதியைத் தேனீயின் சாவினால் இழக்கக்கூடும். தவிர்க்க முடியாதபோது பிற்பகலில், தேனீ திரும்பியபின் தெளிக்க வேண்டும். பேன் குறைவாக இருக்கும்போது நூற்றுக்கு இரண்டரை வீதம் மீனெண்ணெய் சோப்புக் கரைசல் கொடுப்பதும் போதியதாகும்.

புதுத்தோட்டம் போடுவோர் பக்கக்கன்று வாங்கும் இடத்தையும் பார்த்து வாங்க வேண்டும். மட்டையை விடாத ரகத்தின் பக்கக்கன்று, மட்டைக்குள் பேனையும் தட்டைக்குள் துளைப்பானையும் உடன் கொண்டுவரும். காய்ந்த மட்டையை உரித்து, துளையுள்ள தட்டையைத் தள்ளிய பிறகே நடுகுழிக்குக் கொண்டுபோதல் வேண்டும். ஒரே வருஷத்தில் தோட்டம் முழுவதையும் பிடுங்கி நடாமல், பத்துப் பன்னிரண்டு வருஷமான பாகங்களை ஆண்டுதோறும் கொஞ்சமாக மாற்றி வருவோரும் உளர். கைமுதலுக்கு அது சௌகரியமே. ஆனால் கவாத்துச் செய்யாத கிழத்தூர்களுக்கு நடுவே இளங்கன்றை வைத்தால், கிழத்தூரின் பூச்சிகளுக்குக் கன்று விருந்தாகும். பழைய பாகத்தைச் சுத்தம் செய்தபின் புதியதை நடுவது முறை.

கிராம அதிகாரிகளுக்கு இவ்விஷயத்தில் ஒரு பங்கு உண்டு. சென்னை இராஜதானியில் 1919-ஆம் வருஷத்தில் விவசாயப் பூச்சி, நோய்ச் சட்டம் ஏற்பட்டபின், கம்போடியாப் பருத்திச் செடிகளைக் குறித்த தேதிக்குள் பிடுங்கிவிட வேண்டுமென்று உத்தரவாயிற்று. வயது கடந்த செடி அடுத்த போகத்துக்குப் பூச்சியைச் சேமித்து வைக்கிறது என்பதே அதன் காரணம். ஏலத்திற்கு அத்தகைய உத்தரவு தேவைப்படவில்லை. சரியான அறிக்கையே தேவை. "ஏலத்தில் பூச்சி விழுந்து சேதம்" என்று ஒரு வரி எழுதி அனுப்பினால், அதைப் படிப்பவர் பேனா, துளைப்பானா, ஈயா, வேர்ப்புழுவா என்று எதைக் கொண்டு நிச்சயிப்பார்? தோட்டம் நட்டு எத்தனை வருஷம், நாற்றா பக்கக்கன்றா, எந்த ரகம், சேதம் குருத்திலா தட்டையிலா சரத்திலா காயிலா, துளையும் எச்சமும் உண்டா, கடைசியாக மருந்து தெளித்தது எந்தத் தேதி என்பவற்றைக் குறித்தல் அவசியம். உதவி வேண்டி வரும் விவசாயிகள், நோய்கண்ட தட்டை ஒன்றை அடியோடு வெட்டி ஈரச்சாக்கில் சுற்றியும், பூவும் பிஞ்சும் உள்ள சரம் ஒன்றைக் கட்டிய பையில் இட்டும், தூரடி மண் இரண்டு கைப்பிடி வேறாகவும் கொண்டுவர வேண்டும். மஞ்சள் இலை ஒன்றை மட்டும் சட்டைப்பையில் மடித்துக் கொண்டுவந்தால், அதைக் கொண்டு யாரும் ஒன்றும் சொல்வதற்கில்லை. மறுபடி மெட்டு ஏறித்தான் ஆக வேண்டும்.